ஒரு பேப்பர் பாக்கி

இன்ஜினியரிங் கடைசி செமஸ்டரில் நான் ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனேன். அதற்கு முந்தைய ஏழு செமஸ்டர்களில் ஒரு அரியர்கூட வைத்தவள் இல்லை. எப்படி ஃபெயில் ஆனாய் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பொய் சொல்லிவந்தேன். சிலருக்குக் காய்ச்சல், சிலருக்குக் கேள்வித்தாள் கஷ்டம். உண்மை என்னவென்றால், அப்பா ஃபெயில் ஆகச் சொன்னார், நான் ஆனேன்.

எங்கள் ஊர் கீரமங்கலத்துக்குப் பக்கம். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. ஒரு புயலில் பாதிக்கு மேல் மரம் சாய்ந்துவிட, விழுந்த இடத்தைச் சுத்தம் செய்து மல்லிகை போட்டார். விடிவதற்குள் அம்மாவும் இரண்டு ஆட்களும் பூப்பறித்து முடிப்பார்கள், அப்பா மொபெட்டில் கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். குடும்பம் ஓடியது அதில்தான். எனக்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் வாசலை மிதித்ததில்லை. நான் மூத்தவள். தம்பி என்னைவிட நான்கு வயது இளையவன். பன்னிரண்டாம் வகுப்பில் நான் வாங்கிய மார்க்குக்குக் கவுன்சிலிங்கில் ட்ரிபிள்-ஈ, அதாவது மின் பொறியியல், கிடைத்தது. திருமயம் போகும் சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரி.

முதல் பட்டதாரிச் சான்று என்று ஒன்று உண்டு. குடும்பத்தில் அதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால், முதலில் படிக்கப் போகும் பிள்ளைக்கு அந்தச் சான்றைக் கொடுப்பார்கள். அதைக் காட்டினால் படிப்புக் கட்டணத்தில் ஒரு பங்கை அரசே கட்டிவிடும். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான். எங்கள் ஊரில் இதைத் தெரியாத தகப்பன் கிடையாது.

வருமானச் சான்று எடுக்க அப்பாவும் நானும் இ-சேவை மையத்துக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அண்ணன், "முதல் பட்டதாரியும் சேத்துப் போட்டுரவா?" என்று கேட்டார்.

"அது வேணாம் தம்பி. அத மகனுக்கு வச்சிருக்கோம்" என்றார் அப்பா.

மகன் அப்போது ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வராமல் இரண்டு டியூஷன் போய்க்கொண்டிருந்தான். அவனுக்காக ஒன்று 'வச்சிருக்கோம்' என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். வெளியே வந்ததும் அப்பாவே பேச்சை எடுத்தார். "ஒனக்கு இந்த நாலு வருசம் பூவுல எப்படியும் ஓட்டிருவேன் ஆத்தா. அவன் படிக்கையில என் ஒடம்பு எப்படி இருக்குமோ. அதான்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையை ஆட்டினேன். காலேஜுக்கு அனுப்புகிறாரே, அதுவே போதும் என்று நினைத்த வயது. அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போது எனக்கே என்னை ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

காலை ஆறே காலுக்குக் காலேஜ் பஸ். ஆலங்குடி, புதுக்கோட்டை எல்லாம் தாண்டிப் போய்ச் சேர எட்டரை ஆகும். பெண்கள் முன்பக்கம், பையன்கள் பின்பக்கம், நடுவில் இரண்டு வரிசை காலி. அந்தக் காலி வரிசையில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்ள ஒரு சாருக்குத் தனிச் சம்பளம். காலேஜ் வாசலில் ஒரு அக்கா துப்பட்டாவில் இரண்டு பக்கமும் பின் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பார், ஒரு பக்கம் விட்டுப்போனால் அபராதம். அடையாள அட்டையைப் பைக்குள் வைத்திருந்தால் அபராதம். மாடிக்கு ஏறப் பெண்களுக்கு ஒரு படிக்கட்டு, பையன்களுக்கு ஒன்று, மாற்றி ஏறினால் அதற்கும் அபராதம். எதில் எல்லாம் பணம் பிடுங்கலாம் என்று உட்கார்ந்து யோசித்த மூளையில் கால்வாசி பாடம் நடத்துவதற்குச் செலவழித்திருந்தால் நாங்கள் எங்கோ போயிருப்போம்.

பாடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் சோகக் கதை. செமஸ்டருக்கு ஒரு ஆசிரியர் மாறுவார். போன வருடம்தான் இதே காலேஜில் படித்து முடித்தவர் இந்த வருடம் எங்களுக்கு மேடம். பாவம், அவருக்கும் நான்கு மாதமாகச் சம்பளம் வந்திருக்காது. புரொஜெக்டரில் சுவரில் வெளிச்சம் போட்டு, அதிலிருப்பதை வாசிப்பார். நாங்கள் எழுதிக்கொள்வோம். மின் இயந்திர லேபில் ஆறு மோட்டார் இருந்தன, ஓடியது ஒன்று. பதினைந்து பேர் சுற்றி நிற்க, ஒருவர் சுவிட்சைப் போடுவார், மற்றவர்கள் அவர் எடுத்த அளவைப் பார்த்து எழுதுவோம். நான் அதையெல்லாம் நம்பாமல் சீனியர்களின் பழைய புத்தகங்களை வாங்கி, பஸ்ஸில் போகையில் வருகையில் படித்தேன். நாலரை மணி நேரப் பயணம் எனக்கு அப்படித்தான் உதவியது. வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் இருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் படிப்புதான் எனக்கு வினையாக வந்தது.

ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் ஹால் டிக்கெட்டை நிறுத்திவைப்பார்கள். படிப்புக் கட்டணம், பஸ் கட்டணம், பிளேஸ்மென்ட் டிரெய்னிங் கட்டணம், சங்கக் கட்டணம் எல்லாம் கட்டி ஒரு படிவத்தில் ஒன்பது பேரிடம் கையெழுத்து வாங்கினால்தான் ஹால் டிக்கெட். ஆபீஸ் வாசலில் என்னோடு நிற்பவர்கள் எல்லோரும் கவலைப்பட்டவர்கள் இல்லை. எங்கள் வகுப்பில் ஜவுளிக்கடைக்காரர் மகன் ஒருவன் இருந்தான். அவன் முதல் பட்டதாரி. அவன் கட்டவேண்டியது என்னுடையதில் பாதிகூட இல்லை. கட்டிவிட்டு, "இன்னுமா நிக்கிற?" என்று கேட்டுவிட்டுப் போவான். நான் வைகாசி முகூர்த்தத்துக்கும் ஐப்பசி முகூர்த்தத்துக்கும் காத்திருப்பேன். பூ விலை ஏறினால் அப்பா வருவார். ஏறாத ஒரு தடவை அம்மாவின் செயின் பேங்குக்குப் போனது. பரீட்சைக்கு முந்தின நாள் மாலை வரை ஹால் டிக்கெட் இல்லாமல் படித்திருக்கிறேன். படித்தது மண்டையில் ஏறியதே பெரிய விஷயம்.

எனக்கு அங்கே ஒரே ஒரு தோழி. கட்டுமாவடிக்காரி, ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அவளுக்குக் கீழே இரண்டு தம்பிகள் இருந்தும், முதல் பட்டதாரிச் சான்றுக்காக அவர் நான்கு நாள் கடலுக்குப் போகாமல் தாசில்தார் ஆபீசுக்கு அலைந்தாராம். "முதல்ல போறவளுக்குத்தானடி முதல் பட்டதாரி? அதுல என்ன யோசன?" என்று அவள் கேட்டபோது, எங்கள் வீட்டு நியாயத்தை நான் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நியாயமாகப் படவில்லை.

இறுதியாண்டில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மின்சாதனக் கம்பெனி வந்தது. எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் வைத்து எங்கள் துறையில் நான்கு பேரை எடுத்தது. நானும் ஒருத்தி. பெண்களில் நான் மட்டும்தான். ஹாஸ்டல் தருவார்கள், ஜூலையில் சேரவேண்டும், சேரும்போது ஒரு அரியரும் இருக்கக் கூடாது. அரியர் விஷயத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். எனக்குச் சம்பந்தமில்லாத விதி என்று நினைத்தேன்.

தம்பி அந்த மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்தான். அவனுடைய சான்றைப் பற்றி விசாரிக்க அப்பா இ-சேவை மையத்துக்குப் போனார். வீடு திரும்பியபோது அவர் முகம் சரியில்லை. என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். அம்மா பூக்கட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, நீ எப்ப டிகிரி முடிக்கிற?"

"மே மாசம் பரீட்சைப்பா. ஜூன் கடைசியில ரிசல்ட்டு."

"அவன் கவுன்சிலிங்கு ஜூலையில வருதாம். நீ பாஸ் பண்ணிட்டா இந்த வீட்டுல பட்டதாரி வந்தாச்சுன்னு ஆயிருமாம். அப்பறம் அவனுக்கு சர்டிபிகேட்டு கெடையாதாம். இப்ப வாங்கி வச்சாலும் பின்னால கேன்சல் ஆயிரும்னு சொல்றாங்க."

அவர் என்ன கேட்க வருகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. நான்கு வருட வித்தியாசம், நான்கு வருடப் படிப்பு. நான் முடிக்கும் வருடம்தான் அவன் சேருவான் என்ற கணக்கை அவர் முதலிலேயே போட்டுப் பார்த்திருக்கலாம். போடவில்லை. இப்போது அதற்கு அவரே ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"ஒரே ஒரு பேப்பர மட்டும் விட்டுரு ஆத்தா. நவம்பர்ல எழுதிக்கிரலாம்ல? ஆறு மாசந்தானே."

"எனக்கு வேல போயிரும்பா."

"வேல எங்க போகப் போவுது? நீ படிச்ச படிப்புக்கு வேற கம்பெனியே இல்லையா? ஒன்னால எப்ப வேணும்னாலும் பாஸ் பண்ண முடியும். அவனால முடியுமா?"

அம்மாவைப் பார்த்தேன். அவர் நிமிரவில்லை. "அப்பா இவ்வளவு தூரம் எறங்கி வந்து கேக்குறாங்கள்ல" என்றார், நாரை இழுத்து முடிச்சுப் போட்டபடி. அப்பா என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை என்பது உண்மைதான். செய் என்றுதான் சொல்வார். இப்போது கேட்டுவிட்டாரே. சரிப்பா என்றேன். அந்த விதி அவர் சொன்னபடிதான் இருக்கிறதா என்று தாசில்தார் ஆபீசில் போய் யாரும் கேட்கவில்லை. நான்கு வருடம் படித்த நானும் கேட்கவில்லை.

தோழியிடம் மட்டும் போனில் சொன்னேன். "ஒங்க அப்பா கேட்டாரு சரி. ஒனக்கு எங்கடி போச்சு புத்தி?" என்று கத்தினாள். அதற்கப்புறம் ஒரு வாரம் அவள் என்னோடு பேசவில்லை.

கடைசிப் பேப்பருக்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்தேன். மின்சார உற்பத்தியும் பயன்பாடும் பற்றிய பேப்பர். பரீட்சைக்கே போகாமல் இருக்கலாம். ஆனால் போகாவிட்டால் துறைத் தலைவர் எங்கள் வீட்டுக்குப் போன் போடுவார், அப்பா எதையாவது உளறிவைப்பார். அதனால் போனேன். கேள்வித்தாளை வாங்கிப் பார்த்தேன். இரண்டு மார்க் கேள்விகள் பத்தில் ஒன்பது தெரிந்தது. ஒரு கூடத்துக்கு எத்தனை விளக்கு வேண்டும், எவ்வளவு இடைவெளியில் மாட்ட வேண்டும் என்ற கணக்கு பெரிய கேள்வியாக வந்திருந்தது. பஸ்ஸில் அதை நான் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறேன். கை சும்மா இருக்கவில்லை. ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டேன். பன்னிரண்டு விளக்கு என்று விடை வந்தது. சரியான விடை. அதன் மேல் குறுக்காகக் கோடு போட்டு அடித்தேன்.

மேற்பார்வைக்கு வந்திருந்த மேடம் வேறு கல்லூரிக்காரர். பக்கத்தில் வந்து பார்த்தார். "ஏம்மா அடிக்கிற? சரியாத்தானே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். விடைத்தாளைக் கவிழ்த்து வைத்தேன். வெளியே விடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பின்னால் இருந்தவன் பதினோரு அரியர் வைத்தவன். அவன்கூட மூன்றாவது முறையாக அடிஷனல் ஷீட் கேட்டான். பேப்பரைக் கொடுத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

அந்த மாதக் கடைசியில் தம்பியின் சான்றுக்காக வி.ஏ.ஓ. விசாரிக்க வந்தார். "பொண்ணு இன்ஜினியரிங் படிக்கிதுன்னு கேள்விப்பட்டேனே, முடிச்சிருச்சா?"

"இல்லங்க. ஒரு பேப்பர் பாக்கி கெடக்கு" என்றார் அப்பா. அதைச் சொல்லும்போது அவர் குரலில் எந்தத் தயக்கமும் இல்லை. நான் உள்ளே நின்று கேட்டேன். டீ போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோய்க் கொடுத்தேன். வி.ஏ.ஓ. என்னைப் பார்த்து, "விடும்மா, அடுத்த தடவ நல்லா படிச்சு எழுது" என்று ஆறுதல் சொன்னார்.

ரிசல்ட் வந்த அன்று துறைத் தலைவர் போன் செய்தார். நீயா, நீயா என்று நான்கு தடவை கேட்டார். அவருக்கு என் மீது இருந்த வருத்தத்தைவிட, அந்தப் பேப்பரில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட முடியாமல் போன வருத்தம் அதிகம். சிறப்புத் தகுதியோடு முதல் வகுப்பு வந்திருக்கும், அதுவும் போனது. முதல் தடவையிலேயே எல்லாவற்றையும் பாஸ் செய்தவர்களுக்குத்தான் அது. கம்பெனிக்கு மெயில் எழுதினேன், நவம்பரில் கண்டிப்பாக எழுதி முடித்துவிடுகிறேன் என்று. இரண்டு வரியில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து, வாழ்த்தும் சொல்லியிருந்தார்கள். எதற்கு வாழ்த்து என்று தெரியவில்லை.

தம்பிக்குச் சான்று வந்துவிட்டது. அப்பா அதை லேமினேஷன் செய்துகொண்டு வந்தார். கவுன்சிலிங்கில் அவன் மார்க்குக்குச் சிவில்தான் கிடைத்தது. அவன் கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் படிப்பேன், அதுவும் கோயம்புத்தூரில்தான் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அப்பா ரோட்டோரம் இருந்த தோப்பை அடமானம் வைத்தார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்க இருவரும் கோயம்புத்தூர் போனார்கள். மதியம் தம்பி எனக்குப் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது.

"அக்கா, அந்த முதல் பட்டதாரி இங்க செல்லாதாம். கவுன்சிலிங்ல வந்தாத்தானாம். மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கெடையாதுன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

போனைக் காதில் வைத்தபடியே திண்ணையில் உட்கார்ந்தேன்.

"நான் ஒன்னய அரியர் வைக்கச் சொல்லி கேக்கவே இல்லையேக்கா" என்றான்.

"நீ கேக்கல. வேணாம்னும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஊர் திரும்பிய அப்பா ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா என்று சொன்னால் போதும், அங்கேயே எல்லாவற்றையும் விட்டிருப்பேன். "போனது போச்சு. நீ அந்தப் பேப்பருக்குப் பணம் கட்டிரு" என்று பரீட்சைக் கட்டணத்தை எடுத்து நீட்டினார். முழுசாக இருந்தது, ஒரு நாளும் தாமதமில்லாமல். நவம்பரில் எழுதினேன். அந்தப் பேப்பரில் அந்த முறை மிக உயர்ந்த கிரேடு எனக்குத்தான். டிகிரியும் வந்தது. தம்பி இன்னும் முதல் வருடம் முடிக்கவில்லை. அரசாங்கத்தின் காகிதத்தில் மட்டும் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி அவன்தான்.

அதற்கப்புறம் நான் போகாத இன்டர்வியூ இல்லை. எல்லா இடத்திலும் கேட்பவர் கண் மதிப்பெண் பட்டியலில் ஃபெயில் ஆன அந்த ஒரு வரியில் போய் நிற்கும். கடைசியாகத் திருச்சியில் ஒரு கம்பெனி. வெளியூர் என்பதால் அப்பா கூடவே வந்து வாசலில் நின்றார். உள்ளே இருந்த நடுவயதுக்காரர் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாத்துலயும் நல்ல கிரேடு. இது மட்டும் ஏன்?" என்றார்.

"காய்ச்சல் சார்."

"நாலு நாள் கழிச்சு எழுதுன அடுத்த பேப்பர்ல முதல் கிரேடு வாங்கியிருக்கீங்க. நாலு நாள்ல சரியாப் போற காய்ச்சலா?" அவர் சிரித்தார். "பொய் சொல்றவங்கள நாங்க எடுக்கிறதில்லம்மா."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சான்று, தம்பி, அப்பா, அடித்துவிட்ட கணக்கு எல்லாவற்றையும் சொன்னேன். குரல் உயர்ந்துகொண்டே போனது எனக்கே கேட்டது. அவர் பேனாவை மூடி வைத்தார். "எந்த அப்பாவாவது பொண்ண ஃபெயில் ஆகச் சொல்லுவாராம்மா? காய்ச்சலே பரவால்ல" என்றார். ஃபைலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அப்பா வேகமாக எதிரே வந்தார். "என்ன ஆத்தா கேட்டாங்க?"

"அந்தப் பேப்பரப் பத்திக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நீங்கதான் விடச் சொன்னீங்கன்னு சொன்னேன்."

அவர் நின்றுவிட்டார். இரண்டு பக்கமும் பார்த்தார், யாராவது கேட்டிருப்பார்களோ என்று. "வீட்டு விசயத்தயெல்லாம் வெளியில சொல்லலாமா ஆத்தா?" என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை அவர் முன்னால் நடந்தார், நான் பின்னால். புதுக்கோட்டை பஸ்ஸில் கூட்டம். அவர் முண்டியடித்து ஏறி, துண்டைப் போட்டு ஜன்னலோரத்தில் எனக்கு இடம் பிடித்திருந்தார். "இங்கிட்டு வா ஆத்தா, உக்காரு" என்று கூப்பிட்டார். நான் போகவில்லை. புதுக்கோட்டை வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்த இடத்தில் யாரையும் உட்காரவிடாமல் துண்டின் மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார்.